ஜி.ஐ.எஸ். கோர்ஸ் முடித்தால் சூழலியல் வேலை கிடைக்குமா?

நீங்கள் எழுதியதை எனக்குப் புரிந்தபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தவறென்றால் திருத்துங்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். நீங்கள் இந்த வருடம் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருக்கிறீர்கள். மதுரையில் ஒரு பயிற்சி மையம் 6 மாத ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடம் போட்டு இடத் தகவல்களை அலசும் முறை) கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கேட்கிறது, 'வேலைக்கு நாங்கள் பொறுப்பு' என்கிறது. அதில் சேரலாமா, எம்.எஸ்ஸி. போகலாமா, இடஞ்சார் சூழலியல் என்கிறார்களே அதில் ஊர்ப்பக்கமே வேலை கிடைக்குமா என்று மூன்று கேள்வி. ஆனால் கடைசி வரியில் 'அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால், அந்த 60,000 ரூபாயை வீட்டில் கேட்கலாமா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று படுகிறது. முதலில் அதற்குப் பதில்: கேட்காதீர்கள். அந்தப் பயிற்சி மோசடி என்று சொல்லவில்லை. அங்கே சொல்லித்தருவது இலவசமாகவே கிடைக்கிறது. இந்தத் துறைக்குத் தேவையானதை அங்கே சொல்லித்தருவதில்லை.

நான் எந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறேன் என்று தெரிந்தால்தான் எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் வளர்ந்தவன் நான். கடலை முதன்முதலில் பார்த்தது ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில். அப்புறம் எம்.எஸ்ஸி., தொலையுணர்வில் (செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்வது) ஒரு டிப்ளமா, ஆராய்ச்சித் திட்டங்களில் ஒப்பந்த வேலை, சில வருடம் தனியார் ஆலோசனை நிறுவனம், இப்போது கடலோர வாழிடங்களை வரைபடமாக்கும் வேலை என்று 17 வருடம் ஓடிவிட்டது. ஆகவே கடற்புல், பவளப்பாறை, அலையாத்தி, கரையோர நிலம் பற்றிச் சொல்வதெல்லாம் கைப்பட்ட அனுபவம். யானைக்குக் காலர் மாட்டிப் பின்தொடர்வது, வெளிநாட்டில் பிஎச்.டி. என்பதெல்லாம் நண்பர்கள் சொல்லிக் கேட்டதுதான், அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இடஞ்சார் சூழலியல் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஓர் உயிர் ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை என்று கேட்பதுதான் மொத்தமும். உங்கள் அப்பா வலையைப் படகில் ஏற்றுவதற்கு முன் தினமும் போடுகிற கணக்கும் அதுதான். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அது தலைகீழ். பாடப்புத்தகத்தில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று படித்திருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நிலத்தை மண்டபத்தில் நடந்தே கடந்துவிடலாம். ஆனால் ஒரே நாளில் ஒரு பக்கம் தண்ணீர் கலங்கி மோர் மாதிரி இருக்கும், மறுபக்கம் அடி தெரியும். கலங்கல் எங்கே எத்தனை மாதம் நிற்கிறது என்பதைப் பொறுத்து வெளிச்சம் அடிக்கு இறங்கும். வெளிச்சத்தைப் பொறுத்துக் கடற்புல். கடற்புல்லைப் பொறுத்து அதை மேய வருகிற ஆவுளியா, அதாவது கடல்பசு. இந்தச் சங்கிலியை அளந்து, எண்ணாக்கி, வரைபடத்தில் வைத்து, 'இந்தக் காரணத்தால்தான்' என்று வாதாட முடிந்தால் அதுவே இந்தத் துறை. சுற்றுச்சூழல் அறிவியல் என்பது இதைவிட அகலம்: நீர், காற்று, கழிவு, சட்டம் எல்லாம் அதற்குள் வரும். வேலை அறிவிப்புகளில் இரண்டையும் கலந்துதான் போடுவார்கள்.

மென்பொருள்தான் இதில் மிக எளிய பகுதி. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், புள்ளியியலுக்கான ஆர் மொழியும் இலவசம். டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணைய வழியில் கட்டணமில்லாமல் பாடம் நடத்திச் சான்றிதழும் தருகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் (படத்தின் ஒரு கட்டம் 10 மீட்டர்), 5 நாளுக்கு ஒருமுறை, காசில்லாமல் கிடைக்கின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்களை 2008-இல் இலவசமாக்கினார்கள். 1970-களின் படங்கள்கூட அதில் உண்டு. ஒரு சுமாரான மடிக்கணினியும் இரவில் அறுந்துபோகாத இணையமும் இருந்தால் அந்த 6 மாதப் பாடத்தை 3 மாதத்தில் தாண்டிவிடலாம்.

எது கடினம் என்பதற்கு என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மண்டபம் கரைக்கும் தீவுகளுக்கும் நடுவில் கடற்புல் திட்டுகளைக் குறித்துக்கொண்டு வந்தோம். படகில் இருந்த ஜி.பி.எஸ். கருவி பாகையும் கலையுமாகக் காட்டும்: 9 பாகை 15.5 கலை. நான் அதை நோட்டில் '9.155' என்று எழுதிக்கொண்டேன். கலைக்கு 60 கணக்கு என்பதால் சரியான எண் 9.258. வித்தியாசம் தசமத்தில் பார்த்தால் அற்பம், கடலில் சுமார் 11 கிலோமீட்டர். வரைபடம் அழகாக வந்தது, பச்சை வண்ணம் தீட்டி எங்கள் படகோட்டியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ பச்சை அடிச்சிருக்கிற எடத்துல பத்துப் பாகம் தண்ணி கெடக்கு. நாம நேத்து இடுப்பளவு தண்ணியில இல்ல நின்னோம்?" என்றார். (ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஓர் ஆள் உயரம்.) படித்த எங்கள் நாலு பேர் கண்ணிலும் அது படவில்லை. அன்றிலிருந்து, வரைபடத்தை முதலில் அந்த இடத்தில் தொழில் செய்கிறவரிடம் காட்டாமல் யாருக்கும் அனுப்புவதில்லை. (இன்னொரு கண்ணிவெடியும் உண்டு. தூரம் அளக்கப் பயன்படுத்தும் யு.டி.எம். கணக்கில் நம் மாவட்டம் 44-ஆம் மண்டலம், கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலம். பிரிக்கிற கோடு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் ஓடுகிறது. மேற்கே படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் பழக்கதோஷத்தில் 43 என்று போட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.)

அடுத்தது, படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற தெளிவு. நேர்முகத் தேர்வுகளில் நான் முதலில் கேட்பது இதைத்தான். உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு: சீமைக்கருவேலம் எந்தக் கண்மாய்க்குள் எந்த வருடம் ஏறியது, உப்பளம் எவ்வளவு விரிந்தது, காரங்காட்டு அலையாத்தி எவ்வளவு பரப்பு என்பதையெல்லாம் பழைய படத்தையும் புதிய படத்தையும் வைத்துக்கொண்டு, களத்தில் போய்ச் சரிபார்த்தால் தைரியமாகச் சொல்லலாம். தண்ணீருக்கு அடியில் போனால் கதை வேறு. அகச்சிவப்பு ஒளி நீரின் மேல்மட்டத்திலேயே விழுங்கப்பட்டுவிடும். நீலமும் பச்சையும் மட்டும் கொஞ்சம் இறங்கும், அதுவும் தெளிந்த நீரில். கலங்கல் நாளில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு 'கடற்புல் அழிந்துவிட்டது' என்று எழுதுவது, கண்ணாடியில் ஆவி படிந்ததைப் பார்த்து முகத்தைக் காணோம் என்று சொல்வதைப் போல. பவளமா, பாசி படர்ந்த செத்த பவளமா என்று பிரிப்பது 10 மீட்டர் படத்தில் பெரும்பாலும் ஊகம்தான். 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்ததை நாம் அறிந்தது, தண்ணீருக்குள் இறங்கிக் கயிறு பிடித்து அளந்தவர்களால். கடல் மேற்பரப்பு சூடாகிறது என்று செயற்கைக்கோள் முன்கூட்டியே எச்சரிக்கலாம், எந்தத் திட்டு பிழைத்தது என்று அதற்குத் தெரியாது.

கரை அரிப்பும் அப்படித்தான், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் பக்கம் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கரை 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டர் நீர் ஏறினால் தண்ணீர்க் கோடு 50 மீட்டர் உள்ளே வந்துவிடும், படத்தில் 5 கட்டம். ஏற்றத்தில் எடுத்த ஒரு படத்தையும் வற்றத்தில் எடுத்த ஒரு படத்தையும் ஒப்பிட்டு 'தீவு சுருங்கிவிட்டது' என்று கட்டுரை எழுதிவிடலாம். சுருங்கியதே இல்லை என்று சொல்லவில்லை. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டி எடுத்ததன் பங்கும் அதில் இருந்தது. அதனாலேயே மிச்சத் தீவுகளைப் பற்றிச் சொல்லும்போது கூடுதல் கவனம் வேண்டும். பொய்யாக ஒருமுறை அலறினால் அடுத்த முறை நிஜமாக அலறும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆவுளியா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் படிப்புக்கு நேராகப் பொருந்துவது இது. எங்கெங்கே பார்த்தோம் என்று மீனவர்கள் சொன்ன இடங்களையெல்லாம் புள்ளி வைத்தால், புள்ளிகள் ஊர்களுக்கு எதிரே கொத்துக் கொத்தாக விழும். ஆவுளியாவுக்கு ஊர் பிடிக்கும் என்று அர்த்தமா? அங்கேதான் படகும் கண்ணும் இருக்கின்றன, அவ்வளவுதான். யாரும் போகாத இடத்தில் பத்து மேய்ந்தாலும் நம் வரைபடத்தில் அது வெற்றிடம். 'பார்க்கவில்லை' என்பதையும் 'இல்லை' என்பதையும் பிரித்து எழுதக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு மூன்று வருடம் ஆனது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுப் பாதுகாப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு கோடு வரையும்போது, எங்கே வெட்டுவது என்ற கேள்விக்குப் பின்னால் இந்தப் பிரச்சினை முழுதும் உட்கார்ந்திருக்கும். ஆவுளியா மேய்ந்துபோன இடத்தில் புல்வெளி நடுவே நீளமாக ஒரு தடம் விழும், விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்தது மாதிரி. விலங்கைத் தேடுவதைவிட அந்தத் தடத்தைத் தேடுவது நம்பகம். இப்படி யோசிக்க விலங்கியல் தெரிய வேண்டும், பொத்தான் தெரிந்தால் போதாது.

கணக்கு பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காததாலேயே சொல்கிறேன். விலங்கியல் படித்த பலர் கணக்கிலிருந்து தப்பித்து வந்தவர்கள், நானும்தான். இந்தத் துறையில் தப்பிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றுபோல இருக்கும், தள்ளிப் போகப் போக வேறுபடும் என்பதை வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் 1970-இல் ஒரு விதியாகவே எழுதினார். கேட்பதற்கு இது ஒரு விஷயமா என்று இருக்கும். ஆனால் சாதாரணப் புள்ளியியல் சோதனைகள் ஒவ்வொரு அளவும் தனித்தனி என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. ஒரே சட்டிக் குழம்பில் 100 கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டு 100 வீட்டுக் குழம்பைச் சோதித்தேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒரே கடற்புல் திட்டுக்குள் 100 புள்ளி எடுத்து, பாதியை வைத்துக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, மீதிப் பாதியை வைத்துப் பரீட்சை நடத்தினால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வரத்தான் செய்யும். அப்படிக் கற்ற கணினி மாதிரியைக் கீழக்கரைப் பக்கம் கொண்டுபோனால் படுத்துவிடும். சராசரி, திட்ட விலக்கம், தொடர்புப்போக்கு இவற்றை இப்போதே கையில் எடுங்கள். எம்.எஸ்ஸி. சேர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

சரி, வேலை. பெரும்பாலானவர்கள் உள்ளே நுழையும் வாசல் ஆராய்ச்சித் திட்டங்களின் ஒப்பந்த வேலை. மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையகமே முன்பு மண்டபம் முகாமில்தான் இருந்தது, பிறகு கொச்சிக்குப் போனது. கடற்பாசிக்காக மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் அங்கேயே உண்டு. தூத்துக்குடியில் பவளப்பாறை ஆய்வுக்கென்று சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம். இவற்றிலெல்லாம் திட்டப் பணியாளர் அறிவிப்பு அவ்வப்போது வரும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருந்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். இந்த வேலையின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: திட்டம் முடிந்தால் வேலை முடிந்தது, பணம் மேலிருந்து வரும்வரை சம்பளம் நிற்கும். எனக்கு ஒருமுறை 5 மாதம் சேர்ந்தாற்போல வரவில்லை. மளிகைக் கடைக்காரர் பொறுத்துக்கொண்டதால் ஓட்டினேன். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் சம்பாதிக்கப்போகிறவர் என்றால் இதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது வாசல், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள். 2006 அறிவிக்கைப்படி பெரிய திட்டங்களுக்கு அனுமதி வாங்க இந்த அறிக்கை வேண்டும், அதைத் தயாரிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வேண்டும், அந்த நிறுவனத்தில் சூழலியலுக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் தனித்தனி நிபுணர் வேண்டும். ஆகவே வேலை இருக்கிறது, சம்பளம் ஒழுங்காக வரும். மனசாட்சிக்குத்தான் வேலை கூடுதல். நான் இருந்த நிறுவனத்தில் ஒரு திட்டத்துக்கு 10 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். மாதம் மே. நம் கண்மாய்கள் மே மாதத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது, நடுவில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கரையில் இரண்டு மைனா, ஒரு கரிச்சான். அதே கண்மாய் மார்கழியில் நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் என்று இரைச்சலில் காது அடைக்கும். நம் மாவட்டத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது மே மாத மைனாவுக்காக இல்லை. 'மே மாதத்தில் கண்மாய் வறண்டிருந்தபோது பார்த்தது' என்று பட்டியலுக்கு மேலே ஒரு வரி எழுதினேன். இறுதி அறிக்கையில் பட்டியல் இருந்தது, அந்த வரி இல்லை. அடுத்த வருடம் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். இதனால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே நேர்மையாக வேலை செய்கிற ஆட்களையும் தெரியும். உள்ளூர்க் கண்மாயைத் தெரிந்த ஆள் ஒருவர் உள்ளே இருப்பது நல்லதுதான். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

இதோடு ஒட்டியது, கடலோரத்தில் எங்கே எதைக் கட்டலாம், எங்கே கூடாது என்று வகுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபட வேலை. கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லையான உயர் ஓதக் கோட்டைக் குறிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசு அங்கீகரித்த சில நிறுவனங்களுக்கு மட்டுமே. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. கோடு வீட்டுக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்பதில் ஒரு குப்பத்தின் தலையெழுத்தே மாறும். அந்த வரைபடங்களில் மீனவர் வலை காயப்போடும் இடமும் படகு நிறுத்தும் இடமும் விடுபட்டுப்போவதாக ஊர்க்கூட்டங்களில் எழும் சண்டையை நீங்களே பார்த்திருப்பீர்கள். 'ஜி.ஐ.எஸ். வேலை உறுதி' என்று பயிற்சி மையம் சொல்வது பெரும்பாலும் இதை அல்ல. மின்கம்பம், குழாய், சாலை என்று திரையில் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும் சென்னை, ஹைதராபாத் வேலையைத்தான். அது கௌரவமான வேலைதான். அதில் சூழலியல் கிடையாது.

அரசு வேலைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டத்தின் பெயர். இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றாவது இளநிலையில் பாடமாக இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். உங்கள் விலங்கியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதை ஒரு சொத்தாக வைத்துக்கொள்ளுங்கள். முதுநிலையில் கவர்ச்சியான பெயர் வைத்த புதுப் பாடத்தில் சேர்ந்துவிட்டு, அறிவிப்பில் அந்தப் பெயர் இல்லை என்று இணைத்தன்மை அரசாணைக்காக (இந்தப் பட்டமும் அந்தப் பட்டமும் சமம் என்ற ஆணை) அலைந்தவர்கள் என் வகுப்பிலேயே இரண்டு பேர். சேர்வதற்கு முன்னால், நீங்கள் ஆசைப்படும் பதவியின் கடைசி மூன்று அறிவிப்புகளை எடுத்துத் தகுதிப் பகுதியை வரிக்கு வரி படியுங்கள். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் எம்.எஃப்.எஸ்ஸி.க்குப் பெரும்பாலும் பி.எஃப்.எஸ்ஸி. கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

எங்கே படிப்பது? நம் மாவட்டத்துக்குள்ளேயே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுகள் துறை இருக்கிறது. பேருந்தில் போய்வரும் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது. கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மையம் பழம்பெருமை உள்ளது. தொலையுணர்வை ஆழமாகப் படிக்கத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். போட்டி போடத் துணிவிருந்தால் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகிய இரண்டின் வனவிலங்கு முதுநிலைப் படிப்புகள். இடம் மிகக் குறைவு, ஆனால் சூழலியலுக்கான கணக்கை அங்கே விடாமல் சொல்லித்தருவார்கள். உங்கள் நிலைமையில் நானாக இருந்தால் தொண்டிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு, பக்கவாட்டில் கேட் தேர்வின் சூழலியல், பரிணாமவியல் தாளுக்குப் படிப்பேன்.

ஊரிலேயே இருக்க முடியுமா என்பதற்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட ஆசைதான். என் கண்ணுக்குத் தெரிந்தவரை, முதல் 6, 7 வருடம் முடியாது. படிப்புக்கும் ஒப்பந்தங்களுக்கும் அலையத்தான் வேண்டும். அதற்குப் பிறகு, இந்தக் கடல் தெரிந்த, கணக்கும் தெரிந்த, ஊர் மொழியும் தெரிந்த ஆள் என்று பெயர் வாங்கிவிட்டால் வேலை உங்களைத் தேடி மண்டபத்துக்கு வரும். அப்படி ஆட்கள் குறைவு. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் கஞ்சிப்பாசிக்கும் மரிக்கொழுந்துக்கும் கட்டக்கோரைக்கும் வித்தியாசம் சொல்லவே ஒரு நாள் போய்விடுகிறது. பாசி எடுக்கிற உங்கள் ஊர்ப் பெண்கள் தண்ணீருக்குள் காலால் தடவியே சொல்லிவிடுவார்கள்.

அந்த அறிவு உங்கள் கையில் இருப்பதால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உங்களிடம் எல்லாரும் முதலில் கேட்கப்போவது அப்பாவின் பார்களை, அதாவது கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டுகளைத்தான். எந்தப் பார் எங்கே, எந்த மாதம் எது படும் என்பதை ஒரு குடும்பம் இரண்டு, மூன்று தலைமுறையாக மனதில் வைத்திருக்கும், அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்லாது. அதை ஜி.பி.எஸ். புள்ளியாக்கி ஓர் அறிக்கையின் பின்னிணைப்பில் போட்டுவிட்டால் அடுத்த மாதம் விசைப்படகு அங்கே நிற்கலாம். அல்லது பூங்கா எல்லைக்குள் வலை போட்டதற்கு அதுவே சாட்சியாகலாம். நான் ஒருமுறை பாசி எடுக்கும் இடங்களை அப்படியே துல்லியமாக வரைந்து கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அந்த ஊரில் எனக்கு டீ வரவில்லை. இப்போது அந்த மாதிரித் தகவலைப் பெரிய கட்டங்களாக மங்கலாக்கித்தான் தருகிறேன், எதைத் தரப்போகிறேன் என்று கொடுத்தவர்களிடம் முதலில் காட்டுகிறேன். இதற்கு எந்தக் கோர்ஸிலும் பாடம் கிடையாது.

அப்பாவிடம் பணம் கேட்பதற்குப் பதில் வேறொன்று கேளுங்கள்: வாரம் ஒருநாள் படகில் ஓரமாக ஓர் இடம். 20 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டத் தட்டு எடுத்து வெள்ளை பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளை போட்டுக் கயிறு கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். தண்ணீரில் மெதுவாக இறக்கி, தட்டு கண்ணுக்கு மறைகிற முடிச்சையும், மேலே இழுக்கும்போது திரும்பத் தெரிகிற முடிச்சையும் குறித்துச் சராசரி எடுங்கள். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்து பார்த்தது, இன்றைக்கும் கடல் ஆய்வுக் கப்பல்களில் இதைச் செய்கிறார்கள். அப்பா வழக்கமாகப் போகும் இரண்டு, மூன்று இடம் போதும், தீவுகள் பக்கம் போக வேண்டாம். முடிந்தால் வடகடலில் தொழில் செய்யும் உறவுக்காரர் ஒருவரிடம் இன்னொரு தட்டைக் கொடுத்துவிடுங்கள். காலை 10 மணிக்கும் பகல் 2 மணிக்கும் நடுவில், படகின் நிழல் பக்கத்தில் இறக்க வேண்டும். ஒரு வருடம் விடாமல் செய்து, அதே நாள்களின் சென்டினல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு எந்தத் துறையின் நேர்முகத்துக்குப் போனாலும் உங்களிடம் கேட்பதற்கு அவர்களுக்கு நிறைய இருக்கும். தட்டுக்கு அடியில் ஒரு கல்லைக் கட்ட மறக்காதீர்கள். இல்லையென்றால் நீவாடு (நீரோட்டம்) இழுத்துக் கயிறு சாய்ந்து, ஆழம் கூடுதலாகக் காட்டும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை உப்புத்தண்ணீரில் ஓடிவிடும். இடத்தைக் குறிக்கும்போது பாகை, கலை என்று கருவி காட்டுவதை அப்படியே எழுதுங்கள், தசமமாக்குவதை வீட்டில் வந்து செய்துகொள்ளலாம்.